வெள்ளவத்தையில் மூன்று கட்டில், கொட்டாஞ்சேனையில் ஒன்று

இந்தத் தளத்தில் நான் இதுவரை எழுதியவை குளங்கள், தீவுகள், பழைய கோட்டைகள். இந்த முறை கட்டில் பார்க்கப் போன கதை. கடந்த ஆவணியில், ஒரு சனிக்கிழமை காலை வவுனியாவிலிருந்து கொழும்புக்குப் போய்த் திங்கள் மாலை திரும்பினேன். ஊர் சுற்றும் பயணம் இல்லை என்பதால் படங்கள் குறைவு. எடுத்த மூன்றில் ஒன்றில் என் பெருவிரல்தான் இருக்கிறது.

நான் படித்த அரச பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் சங்கத்துக்கு நான் செயலாளர். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியை. பெயர்ப் பட்டியலைக் கண்டால் என் கை சும்மா இருக்காது, அதனால் இந்தப் பதவி என் தலையில் விழுந்தது. பழைய மாணவர்கள் பீடத்துக்குக் கொடுப்பவை பெரும்பாலும் சுவர்க்கடிகாரம், ஒலிபெருக்கி, குடிநீர் வடிகட்டி. வடிகட்டியை விட அதற்கு மேலே தொங்கும் பெயர்ப்பலகை பெரிதாக இருக்கும். குறை சொல்லவில்லை, நானும் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறேன்.

ஆனால் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குத் தேவையானது வேறு. அவர்கள் ஆறு மாதம் கொழும்பில் தொழிற்பயிற்சிக்கு வரவேண்டும். பயிற்சியில் கையில் கிடைப்பது பஸ்ஸுக்கும் சோற்றுப் பார்சலுக்கும் சரி. அறை வாடகைக்கு வழியில்லை. அதனால் இரண்டு வருடங்களுக்கு முன் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னேன். கொழும்பில் வீடு உள்ள பழைய மாணவர்கள் காசு தரவேண்டாம், ஒரு கட்டில் தரட்டும், ஆறு மாதத்துக்கு. எல்லாரும் கைதட்டினார்கள். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் காலத்தில் முதலாம் வருடத்திலும் கடைசி வருடத்திலும்தான் விடுதியில் இடம். நடு வருடங்களில் வெளியே அறை பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு வசதி இல்லை. என் பேட்ச்காரி றெஜினா கொட்டாஞ்சேனைப் பெண். வலைப்பந்து அணியில் இருந்ததால் அவளுக்கு விடுதி தொடர்ந்தது. அவள் என்னைத் தன் அறையில் ஒளித்து வைத்தாள். இடம் கிடைக்காதவர்களை இப்படிக் கள்ளமாக வைத்துக்கொள்வது அப்போது எல்லா விடுதிகளிலும் நடந்தது. இரண்டரை அடி அகலக் கட்டிலில் தலைமாற்றிப் படுத்தோம், அவளுடைய கால் என் முகத்துக்கு நேரே. விடுதிப் பொறுப்பாளர் சோதனைக்கு வந்தால் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய் நிற்பேன். கையில் வாளி இருந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அந்த வாளிதான் என் அனுமதிப் பத்திரம்.

மூன்றாம் வருட நடுவில், துறைமுகத்தில் வேலை செய்த றெஜினாவின் அப்பா விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையானார். அவள் படிப்பை விட்டு வேலைக்குப் போனாள். காலியான அவளுடைய இடம் முறைப்படி எனக்கே கிடைத்தது. அவள் இரண்டு கடிதம் போட்டாள். நான் ஒன்றுக்குப் பதில் எழுதினேன். பிறகு பட்டம், வேலை, கல்யாணம். கொட்டாஞ்சேனைக்குப் போகாமல் இருக்க எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு காரணம் கிடைத்தது.

சரி, பயணத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை 8.50க்கு வவுனியாவில் ரயில் ஏறினேன். இரண்டாம் வகுப்பு, முன்பதிவு 1,500 ரூபாய். சுமார் 250 கிலோமீட்டர். கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கும்போது 1.40. அதே நிலையத்தில் கரையோர ரயிலுக்கு 40 ரூபாய்ச் சீட்டு எடுத்தால் வெள்ளவத்தைக்கு இருபது நிமிடம். வலது பக்கம் நில்லுங்கள், கடல் முழுக்க உங்களுக்குத்தான்.

அந்த முறை நான்கு பெண்பிள்ளைகள் வந்திருந்தார்கள். வெள்ளவத்தையில் இரண்டு வீடு, பாமன்கடையில் ஒன்று என்று மூன்று பேருக்கு ஒழுங்காகிவிட்டது. பாமன்கடையும் வெள்ளவத்தைக்கு ஒட்டினாற்போல இருப்பதால் எங்கள் சங்கக் கணக்கில் அதுவும் வெள்ளவத்தைதான். நான்காவது பிள்ளை சுகந்தினி, ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கோட்டை நிலையத்தில் என்னோடு சேர்ந்துகொண்டவள். அவளுக்கு ஒருகொடவத்தையில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பயிற்சி, திங்கள் காலை ஏழரைக்கு அங்கே நிற்கவேண்டும். அவளுடைய கட்டில் யோகத்தின் வீட்டில். யோகம் என் பேட்ச்காரி, சங்கத்தின் கொழும்புக் கிளைத் தலைவி. கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், அடுக்குமாடியின் ஐந்தாம் மாடி. "மீன் வெட்டிய தண்ணீரை மின்தூக்கியில் கொண்டுவர வேண்டாம்" என்று மின்தூக்கியில் மூன்று மொழியிலும் ஒட்டியிருக்கிறார்கள்.

கதவைத் திறந்த யோகத்தின் முகத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"குறை நினையாதையும் வதனி," என்றாள். "மகள் பிள்ளையளோட புதன்கிழமை ரொறொன்ரோவில இருந்து வாறாள். நேற்றுத்தான் சொன்னவள். அந்த ஒரு ரூம்தானே இருக்கு."

குறை நினைக்க என்ன இருக்கிறது, பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். ஆனால் வாசலில் என் பின்னால் சுகந்தினி பெட்டியோடு நிற்கிறாள். நாளை மறுநாள் காலை அவள் வேலைக்குப் போகவேண்டும். யோகம் உடனே காசு தருகிறேன் என்றாள், ஏதாவது வாடகை அறை பாரும் என்றாள். மனதாரத்தான் சொன்னாள். ஆனால் மூன்று மாத முற்பணம் கேட்காத அறையை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் கண்டுபிடிக்கக் கொழும்பில் எனக்கு ஆள் இல்லை. கிடைக்காவிட்டால் பயிற்சி இடம் காத்திருப்பில் உள்ள வேறு பிள்ளைக்குப் போய்விடும், சுகந்தினியின் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். அதைச் சொன்னேன். யோகம் எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

சுகந்தினிதான் மெல்லப் பேசினாள்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. எங்க சீனியர் அக்காங்க ஒரு நம்பர் குடுத்தாங்க. கொட்டாஞ்சேனையில ஒரு அன்ரி இருக்காங்களாம். நம்ம பெக்கல்டி புள்ளைங்கள சும்மாவே வச்சிருப்பாங்களாம். சங்கத்துல எடம் இருக்குன்னு சொன்னதால நான் கூப்பிடல."

"யார் அன்ரி?"

"றெஜினா அன்ரினு போட்டிருக்கு மிஸ்."

எனக்குத் தேநீர் புரையேறியது. யோகம் நெற்றியைச் சுருக்கினாள். "எந்த றெஜினா? எங்கட பேட்ச் றெஜினாவோ? அவள் டிகிரி முடிக்கேல்லையே."

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருந்தது. எங்கள் சங்கத்தின் பெயர்ப் பட்டியலை நான்தான் தயாரித்தேன், பட்டமளிப்பு விழாப் புத்தகங்களைப் பார்த்து, என் கையாலேயே. பட்டம் பெறாதவர் பழைய மாணவர் இல்லை என்பது எங்கள் விதி. படிவத்தின் முதல் கேள்வியே "பட்டம் பெற்ற ஆண்டு". எங்கள் பேட்சின் பெயர்களை எழுதும்போது றெஜினா வரவேண்டிய இடத்தில் என் பேனை நின்றது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நின்றுவிட்டு அடுத்த பெயரை எழுதினேன். அதனால் வெள்ளிவிழா ஒன்றுகூடலுக்கு அவளுக்கு அழைப்பும் போகவில்லை.

சுகந்தினியையே அழைக்கச் சொன்னேன். பால்கனிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். "நாளைக்குப் பதினொரு மணிக்கு வரச் சொன்னாங்க மிஸ். யார் கூட்டிட்டு வர்றாங்கன்னு கேட்டாங்க. வதனி மிஸ்னு சொன்னேன். வதனியான்னு ரெண்டு தரம் கேட்டாங்க. அப்புறம் சரி, வரச் சொல்லுன்னாங்க."

பிள்ளையைத் தனியே அனுப்பிவிடலாமா என்று இரவு முழுக்க யோசித்தேன். யோகமும் அதைத்தான் சொன்னாள். என் மேல் உள்ள கோபத்தில் றெஜினா அவளுக்குக் கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது? அது ஒரு பயம். உண்மையில் அதை விடப் பெரிய பயம், அவள் என் முகத்தைப் பார்ப்பாள் என்பது. காலையில் யோகம் தந்த இடியப்பம் சொதியில் பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டேன். அவளுடைய சொதி நன்றாக இருக்கும், இதைப் படிப்பாள், அதனால் சொல்லிவைக்கிறேன்.

ஞாயிறு 9.40க்குக் காலி வீதியில் பஸ் ஏறினோம். புறக்கோட்டை வரை ஆளுக்கு 70 ரூபாய், ஒன்பது கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் முப்பது நிமிடம்தான். அங்கிருந்து கொட்டாஞ்சேனை இரண்டரைக் கிலோமீட்டர். நடக்கலாம், ஆனால் சுகந்தினியின் பெட்டிக்கு ஒரு சக்கரம் இல்லை. ஆட்டோக்காரர் அறுநூறு என்றார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "மீட்டர் தாண்ட மல்லி" என்றேன், மீட்டர் போடுங்கள் தம்பி என்று.

"மீட்டர் வேலை இல்லை அக்கா," என்றார் அவர், நல்ல தமிழில். "பெட்டிய பாத்தா கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு. ஐந்நூறு தாங்க."

நானூறுக்கு முடிந்தது. ஏறிய பிறகு பார்த்தால் மீட்டர் நன்றாக வேலை செய்தது, இறங்கும்போது 290 காட்டியது. இதை நான் சுட்டிக்காட்டியதும், "பாத்தீங்களா, இப்ப சரியாயிருச்சு," என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று காலையில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

கொட்டாஞ்சேனைப் பேராலயத்தில் பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. பின்பக்கத்து ஒழுங்கையில் நீல நிறக் கதவு, கீழே றெஜினாவின் தம்பி குடும்பம், பக்கவாட்டில் இரும்புப் படிக்கட்டு. படியின் உச்சியில் அவள் நின்றாள். தலை நரைத்து, கொஞ்சம் பருத்து, பூசைக்குப் போன சேலையை இன்னும் மாற்றாமல். நான் முதல் படியில் கால் வைத்ததும் மேலிருந்து குரல் வந்தது.

"வாளி எங்கடி?"

எனக்கு அழுகைதான் வந்தது. ஐம்பது வயது தாண்டிய ஆசிரியை, மாணவியின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நடு ஒழுங்கையில் அழுதேன். சுகந்தினி பாவம், எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"அழுறத மேல வந்து அழு. வெயில்ல அந்தப் புள்ளை ஏன் நிக்கணும்," என்றாள் றெஜினா.

மேலே பிள்ளைகளுக்கு ஒரு பெரிய அறை, மூன்று கட்டில். இரண்டில் எங்கள் பீடத்துப் பிள்ளைகள், அன்று ஊருக்குப் போயிருந்தார்கள். மூன்றாவதில் புதிதாகத் துவைத்த விரிப்பு. சுகந்தினிக்கு அலமாரியில் இடம் காட்டிவிட்டு, என்னை இந்தப் பக்கம் தன் சின்ன அறைக்கு அழைத்துவந்து றெஜினா பால் இல்லாத பிளேன்டீ ஊற்றினாள். அவள் ஒரு கிளியரிங் ஒபிஸில் வாஃப் கிளாக். அதாவது துறைமுகத்தில் சாமான்களை எடுத்துத் தர ஆவணங்களோடு அலைபவர். இருபத்தெட்டு வருடமாக அதே வேலை.

"எட்டு வருசத்துக்கு முந்தி எங்க ஒபிஸுக்கு ஒரு புள்ளை ட்ரெய்னிங் வந்துச்சு, கம்ப்யூட்டர் வேலைக்கு," என்றாள். "எந்த பெக்கல்டினு கேட்டேன், நம்மது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஏதோ லொட்ஜ்ல தங்கியிருந்துச்சு. அன்னைக்கே கூட்டிட்டு வந்துட்டேன். அப்புறம் அது அடுத்த பேட்ச்கிட்ட சொல்லிருச்சு. அப்படியே வந்துகிட்டு இருக்காங்க."

எங்கள் சங்கம் கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, கைதட்டித் தொடங்கிய வேலையை இவள் எங்களுக்கு ஆறு வருடம் முன்பே தொடங்கியிருக்கிறாள். பார்க்கப்போனால் அதற்கும் முன்பே, என்னை வைத்து.

பிறகு அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "வெள்ளிவிழாவுக்கு நான் வந்தேன், தெரியுமா?"

"எங்க வந்தனீ?"

"வெள்ளவத்தைக்கு. ஹோல் வாசல் வரைக்கும். என்கிட்ட தங்கியிருந்த புள்ளை அழைப்ப போன்ல காட்டிச்சு. சரி, எல்லாரையும் பாக்கலாம்னு வந்தேன். மேசையில நீ இருந்த. பச்சை சாரி. ஒவ்வொருத்தர்கிட்டயும் பேர் கேட்டு லிஸ்ட்ல சரி போட்டுக்கிட்டு இருந்த. எனக்கு முன்னால ஆறு பேர். எம்பேர் அதுல இருக்காதுன்னு எனக்குத் தெரியும். உன் முன்னால வந்து நின்னா நீ என்ன செய்வியோன்னு பயமாயிருச்சு. திரும்பி வந்துட்டேன்."

அவள் வந்து நின்றிருந்தால் எழுந்து கட்டிப்பிடித்திருப்பேன் என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. குனிந்து பட்டியலைத்தான் பார்த்திருப்பேன். அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"அந்த லிஸ்ட் நான்தான் எழுதினது," என்றேன். "உன்ர பேர் வாற இடத்தில நிண்டனான். நிண்டுட்டு விட்டுட்டன். விதியெண்டு சொல்லிக்கொண்டன். உன்ர கட்டில்ல படுத்துத்தான் நான் பட்டம் எடுத்தனான் எண்டு அங்க ஒருத்தருக்கும் சொல்லேல்ல. வெக்கமா இருந்தது. பிழை விட்டுட்டன் றெஜி."

அவள் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் பிளேன்டீ ஊற்றினாள். கீழே தம்பி வீட்டில் மீன் பொரிக்கும் சத்தம் கேட்டது. "கோவம் இருந்துச்சு. ரொம்ப நாள் இருந்துச்சு," என்றாள். "ஏன், நான் இந்தப் புள்ளைக்கு எடம் இல்லைன்னு சொல்லுவேன்னு நெனச்சியா?"

"நினைச்சனான்."

"லூசு," என்றாள்.

என் பையில் சங்கப் படிவங்கள் இருந்தன. ஒன்றை எடுத்து, முதல் கேள்வியைப் பேனையால் வெட்டிவிட்டு அவளிடம் நீட்டினேன். அந்த நேரத்தில் அது பெரிய துணிச்சலான காரியமாகத் தோன்றியது. அவள் கண்ணாடியைப் போட்டு, வெட்டிய இடத்தைப் பார்த்து, திருப்பித் தந்தாள்.

"வெட்டின பேப்பர்ல நான் சைன் பண்ண மாட்டேன். கஸ்டம்ஸ்ல ஒரு எழுத்து வெட்டியிருந்தாலும் மூஞ்சில எறிவாங்க. எனக்காக வெட்டித் தராத. புதுசா அடிச்சுக்கிட்டு வா."

மதியம் அவளுடைய வீட்டில் சாப்பாடு. பருப்பு, பொரித்த மீன், சம்பல். சாப்பிட்ட களைப்பில், "படு கொஞ்சம்," என்று தன் கட்டிலைக் காட்டினாள். அது ஒற்றைக் கட்டில்தான். தலைமாற்றிப் படுத்தோம். இப்போது இரண்டு பேருமே பருத்துவிட்டோம், ஒரு பக்கம் நான் சுவரோடு ஒட்டிக்கிடந்தேன். சுகந்தினி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள். பல நாளுக்குப் பிறகு பகலில் நன்றாகத் தூங்கினேன்.

இனி இதே வேலையாக வருபவர்களுக்குச் சில விஷயங்கள். பயிற்சி இடத்தைப் பார்த்து வீட்டைத் தேடுங்கள், உங்களுக்குத் தெரிந்த ஆட்கள் இருக்கும் இடத்தைப் பார்த்து அல்ல. வெள்ளவத்தையிலிருந்து ஒருகொடவத்தைக்குப் பொரளை வழியாகக் காலை நேரத்தில் ஒன்றேகால் மணித்தியாலம் ஆகும். கொட்டாஞ்சேனையிலிருந்து மூன்று கிலோமீட்டர், பஸ்ஸில் இருபது நிமிடம். ஞாயிறு இரவு றெஜினா வீட்டிலேயே தங்கி, திங்கள் காலை சுகந்தினியோடு நானே போய்ப் பார்த்தேன், 7.10க்கு அவள் உள்ளே போய்விட்டாள். புறக்கோட்டையில் ஏறும் முன்னரே ஆட்டோ விலையைப் பேசுங்கள். வீடு தருகிறவர்களை ஒரு வாரம் முன்னும், மறுபடி முதல் நாளும் அழைத்துக் கேளுங்கள். யாருக்கும் ரொறொன்ரோவிலிருந்து பிள்ளைகள் வரலாம். இடம் தேடும் முன் மாணவர்களிடமும் கேளுங்கள், அவர்கள் கையில் உங்களை விட நல்ல பட்டியல் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் பழைய மாணவர் பட்டியலைப் பட்டமளிப்புப் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். முதலாம் வருடப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எங்கள் பேட்சில் மட்டும் பதினொரு பெயர் காணாமல் போயிருந்தது. அவர்களில் நான்கு பேரை இதுவரை கண்டுபிடித்திருக்கிறோம்.

செயற்குழுவில் இதற்கு நாற்பது நிமிடம் வாக்குவாதம் நடந்தது. "இப்பிடியே விட்டால் பிறகு ஆரும் வரலாம் எல்லோ?" என்று யோகம் கேட்டாள். நான் எழுந்து வாளிக் கதையை முதலிலிருந்து சொன்னேன். சொல்லி முடித்ததும் யோகமும் சரியென்று கை தூக்கினாள். புதிய படிவத்தின் முதல் கேள்வி இப்போது "பல்கலைக்கழகத்துக்கு வந்த ஆண்டு".

ஒரு வெட்டும் இல்லாத பிரதி ஒன்றை றெஜினாவுக்குத் தபாலில் அனுப்பினேன். கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துத் தொலைபேசியில் அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு செய்தி: "அடுத்த ஒன்றுகூடலுக்கு வருவேன். மேசையில நான் இருப்பேன். நீ வாளியோட வரிசையில நில்லு."

நிற்கிறேன் என்று பதில் போட்டேன். வாளி வாங்கிவிட்டேன், பச்சை நிறம்.